வீட்டுக்குள் இலைக்கொடி: சன்னலில் தொடங்கும் ஒரு வழிகாட்டி

வீட்டுக்குள் இலைக்கொடி வளர்க்கத் தொடங்குகிற எவரும் முதலில் கேட்பது, வாரத்துக்கு எத்தனை முறை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதுதான். இதற்கு ஓர் எண்ணைப் பதிலாகச் சொல்பவர் வீட்டில் அந்தச் செடி செழித்து நிற்கலாம்; கேட்டவர் வீட்டில் அதே எண் அதே செடியின் வேரை அழுக வைக்கலாம். ஒரு செடி ஒரு நாளில் எவ்வளவு நீரை உறிஞ்சும் என்பதைப் பெரும்பாலும் அதன் இலைமேல் விழும் வெளிச்சமே முடிவு செய்கிறது. வெளிச்சம் மிகுந்த இடத்தில் நான்கு நாளில் காயும் தொட்டி, அறையின் மூலையில் பதினைந்து நாளானாலும் ஈரமாகவே இருக்கும். நான் முதன்முதலாக வளர்த்த மணி பிளான்டை, புத்தக அலமாரியின் உச்சியில் வைத்து, நாள் தவறாமல் நீரூற்றி, இரண்டு மாதத்தில் கொன்றேன். ஆகவே இந்த வழிகாட்டி செடியை விட்டுவிட்டுச் சன்னலிலிருந்து தொடங்குகிறது.

அதற்கு முன், இந்தக் கொடிகள் எங்கே எப்படி வாழ்பவை என்று சிறிது தெரிந்துகொள்வது பின்னால் வரும் எல்லாவற்றையும் எளிதாக்கும். மணி பிளான்ட், இதய வடிவ இலையுடைய பிலோடென்ட்ரான், சிங்கோனியம், ஸ்கிண்டாப்சஸ், மான்ஸ்டெரா ஆகிய அனைத்தும் சேம்பு இடம்பெறும் அரேசியே குடும்பத்தைச் சேர்ந்தவை. மணி பிளான்டின் தாயகம் பசிபிக் பெருங்கடலில் உள்ள மூரியா என்ற சிறு தீவு. மான்ஸ்டெரா டெலிசியோசா தென் மெக்சிகோவிலிருந்து பனாமா வரையுள்ள காடுகளிலும், வெள்ளிப் புள்ளி இலையுடைய ஸ்கிண்டாப்சஸ் பிக்டஸ் தென்கிழக்காசியக் காடுகளிலும் இயல்பாக வளர்கின்றன. இவற்றின் வாழ்க்கை ஒரே மாதிரியானது. மரத்தடியில் மக்கிய இலைச்சருகில் வேரூன்றி, அருகில் நிற்கும் மரத்தைப் பற்றி மேலேறி, ஏற ஏற இலையைப் பெரிதாக்கிக்கொள்ளும். டொனால்ட் ஸ்ட்ராங், தாமஸ் ரே என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1975-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மான்ஸ்டெரா இனத்தின் நாற்றுகள் முளைத்தவுடன் வெளிச்சத்தை நோக்கிச் செல்லாமல் இருட்டை நோக்கி ஊர்ந்து செல்வதைக் காட்டினார்கள். காட்டில் மிக இருண்டு தெரிவது பருத்த மரத்தின் அடிப்பகுதி என்பதால், இருளைத் தேடிப் போகும் நாற்று மரத்தைச் சென்று சேர்ந்துவிடுகிறது. மரம் கிடைத்த பிறகு அது திரும்பி ஒளியை நோக்கி ஏறத் தொடங்கும். இவை இருட்டை விரும்பும் செடிகள் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உண்மையில் இவை இருட்டைப் பொறுத்துக்கொள்ளத் தெரிந்தவை, அவ்வளவுதான்.

முதல் படி: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

செடி வாங்குவதற்கு முன்பே அதை வைக்கப்போகும் இடத்தில் ஒரு நாள் நின்று பாருங்கள். நம் கண் இந்த விஷயத்தில் நம்மை ஏமாற்றும். திறந்த வெளியில் நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு இருக்கும். வெயில் நேரடியாகப் படாத சன்னலோரத்தில் சில ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். அங்கிருந்து இரண்டு மூன்று மீட்டர் உள்ளே வந்தால் சில நூறாகக் குறைந்துவிடும். கண்ணின் பாவையும் விழித்திரையும் சேர்ந்து ஈடுசெய்வதால் இந்தப் பெரும் வித்தியாசம் நமக்குச் சிறு மங்கலாக மட்டுமே தெரிகிறது. செடிக்கு அப்படி ஈடுசெய்யும் வசதி இல்லை.

கருவி எதுவும் இல்லாமல் அளக்க எளிய வழி நிழல் பார்ப்பது. பகல் வெளிச்சம் நன்றாக இருக்கும் நேரத்தில், செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஒரு சாண் உயரத்தில் கையைப் பிடியுங்கள். விரல்கள் தனித்தனியாகக் கூர்மையாக விழுந்தால் அங்கே வெளிச்சம் மிகுதி. கை என்று அடையாளம் தெரியும் அளவுக்கு ஓரம் மங்கிய நிழல் விழுந்தால் பெரும்பாலான இலைக்கொடிகளுக்கு அதுவே நல்ல இடம். நிழலே தெரியவில்லை என்றால் அங்கே செடி சில காலம் உயிரோடு இருக்கும், வளராது. கைபேசியில் கிடைக்கும் ஒளி அளக்கும் செயலிகள் துல்லியமானவை அல்ல என்றாலும், ஒரே அறையின் இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பார்க்கப் போதுமானவை. 1,000 லக்ஸுக்கு மேல் பகலின் பெரும்பகுதி கிடைக்கும் இடத்தைத் தேடுங்கள். அதற்குக் கீழே போகப் போக வளர்ச்சி மெதுவாகும்.

கிழக்குப் பார்த்த சன்னலில் விழும் இளங்காலை வெயில் இந்தக் கொடிகளுக்குத் தீங்கு செய்வதில்லை. பிற்பகல் வெயில் நேராக விழும் மேற்குச் சன்னலில், குறிப்பாகக் கண்ணாடியை ஒட்டி வைத்தால், இலையில் காய்ந்த வெளிறிய திட்டுகள் தோன்றும். மெல்லிய திரைச்சீலை ஒன்று போதும், அதைத் தடுத்துவிடலாம். தெற்கா வடக்கா என்பதற்கு எல்லா இடத்துக்கும் பொதுவான விதி கிடையாது, ஏனென்றால் பூமியின் வடபாதியில் தெற்குச் சன்னலும் தென்பாதியில் வடக்குச் சன்னலும்தான் அதிக வெயில் வாங்குகின்றன. நல்ல சன்னலே இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம்: வெள்ளை ஒளி தரும் எல்இடி விளக்கைச் செடிக்கு ஓர் அடி மேலே பொருத்தி, நாளொன்றுக்கு 12 மணி நேரம் எரியவிட்டால் கொடி நன்றாகவே வளரும். நேரம் குறித்து அணைக்கும் சிறு கருவியை இணைத்துவிட்டால் மறதிக்கும் இடமில்லை.

வெளிச்சம் போதவில்லை என்பதைக் கொடியே சொல்லும். தண்டில் இலைக்காம்பு சேரும் கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் இடையிலுள்ள தூரம் நீண்டுகொண்டே போகும்; புதிதாக வரும் இலை முந்தைய இலையைவிடச் சிறியதாக இருக்கும்; மஞ்சளோ வெள்ளையோ கலந்த இலைகள் பச்சையாக மாறும். வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லாததால் அது உணவு தயாரிப்பதில்லை. ஆகவே வெள்ளை மிகுந்த வகைகளுக்கு முழுப்பச்சை வகைகளைவிடக் கூடுதல் வெளிச்சம் வேண்டும்.

இரண்டாம் படி: எந்தக் கொடி

தொடங்குபவருக்கு என் பரிந்துரை மணி பிளான்ட் அல்லது இதய வடிவ பிலோடென்ட்ரான், இவ்விரண்டில் ஒன்று. தவறுகளை மன்னிப்பதில் இவற்றுக்கு இணை இல்லை. இரண்டையும் பலர் ஒன்றென்றே நினைக்கிறார்கள். கொழுந்தைப் பார்த்தால் வேறுபாடு தெரியும். பிலோடென்ட்ரானின் புதிய இலை மெல்லிய உறை ஒன்றுக்குள் பொதிந்து வந்து, விரிந்த பின் அந்த உறை காய்ந்து உதிரும். மணி பிளான்டில் அப்படிப்பட்ட தனி உறை இல்லை. முந்தைய இலைக்காம்பின் பள்ளத்திலிருந்தே புதிய இலை சுருள் பிரிந்து வெளிவரும். தொட்டுப் பார்த்தால் மணி பிளான்டின் இலை தடிப்பாகவும் பிலோடென்ட்ரானின் இலை மெல்லியதாகவும் இருக்கும்.

சிங்கோனியம் வேகமாக வளரும், ஆனால் காய்ந்த காற்றைக் கொஞ்சம் குறைவாகவே பொறுக்கும். மான்ஸ்டெராவுக்கு இடம் தாராளமாக வேண்டும். அதன் இளஞ்செடியின் இலைகளில் கிழிசலோ ஓட்டையோ இல்லாததைக் கண்டு, வேறு செடியைக் கொடுத்துவிட்டார்களோ என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. வயதும் வெளிச்சமும் சேர்ந்த பின்னரே இலை பிளவுபடும்.

வாங்கும்போது இலையின் முகத்தைவிட முதுகைப் பாருங்கள். நரம்பை ஒட்டியோ காம்பின் இடுக்கிலோ வெண்பஞ்சு போன்ற திட்டு, நுண்ணிய வலை, பழுப்பு நிறப் பொறி ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அந்தச் செடியை விட்டுவிடுவதே நல்லது. தொட்டியின் அடித்துளை வழியாக வெளிறிய உறுதியான வேர் தெரிந்தால் அது நல்ல அறிகுறி. தொட்டியில் நாற்றம் அடித்தால் வேர் ஏற்கெனவே அழுகத் தொடங்கிவிட்டது.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் குடும்பத்துச் செடிகளின் திசுக்களில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. சேம்புத் தண்டை நறுக்கினால் கை நமைப்பதும் இதனால்தான். குழந்தையோ பூனையோ நாயோ இலையைக் கடித்தால் வாய் எரிந்து வீங்கும், உமிழ்நீர் வடியும். கைக்குழந்தையும் வளர்ப்பு விலங்கும் உள்ள வீட்டில் கொடியை எட்டாத உயரத்தில் வையுங்கள். தண்டை வெட்டிய பின் கண்ணைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவுங்கள்.

மூன்றாம் படி: முதல் இரண்டு வாரம் ஒன்றும் செய்யாதீர்கள்

புதிய செடியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே தொட்டி மாற்றி, உரம் போட்டு, இலைக்கு எண்ணெய் பூசி மினுக்கும் ஆர்வம் எல்லோருக்கும் வரும். ஆனால் செடி ஏற்கெனவே இடமாற்றத்தின் களைப்பில் இருக்கிறது. மற்றச் செடிகளிடமிருந்து சற்றுத் தள்ளி, வெளிச்சமான இடத்தில் இரண்டு வாரம் தனியே வையுங்கள். ஒளிந்திருக்கும் பூச்சி இருந்தால் அதற்குள் வெளிப்பட்டுவிடும். ஓரிரண்டு இலை பழுத்து உதிர்ந்தால் பொருட்படுத்த வேண்டாம். இலைக்கு எண்ணெயோ பாலோ எப்போதும் பூசக் கூடாது; தூசு படிந்தால் ஈரத் துணியால் துடைப்பது போதும்.

நான்காம் படி: தொட்டியும் கலவையும்

தோட்டத்து மண்ணை அப்படியே தொட்டியில் நிரப்புவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. நிலத்தில் புழுவும் ஆழமும் சேர்ந்து காற்றோட்டத்தைக் காப்பாற்றுகின்றன. தொட்டிக்குள் அதே மண் சில மாதங்களில் இறுகிப் பாளமாகிவிடும். காட்டில் இந்தக் கொடியின் வேர் உதிரியான சருகிலும் மரப்பட்டை இடுக்கிலும் கிடக்கிறது. அதைப்போலவே ஈரத்தையும் காற்றையும் ஒருசேரப் பிடித்து வைக்கும் கலவை வேண்டும். தென்னை நார்த்தூள் இரண்டு பங்கு, பெர்லைட் என்ற இலேசான வெண்ணிறக் கனிமத் துகள் ஒரு பங்கு, விரல் நக அளவில் நொறுக்கிய மரப்பட்டையோ மரக்கரியோ ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு என்ற அளவில் கலந்தால் பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும். காற்று ஈரமாகவும் வெளிச்சம் குறைவாகவும் உள்ள வீட்டில் மரப்பட்டையைக் கூட்டுங்கள். வறண்ட வீட்டில் நார்த்தூளைக் கூட்டுங்கள். நார்த்தூளில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் ஊறவைத்து இரண்டு முறை பிழிந்து பயன்படுத்துவது நல்லது.

தொட்டியின் அடியில் துளை கட்டாயம் இருக்க வேண்டும். துளையில்லாத அழகுத் தொட்டி பிடித்திருந்தால், துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் செடியை நட்டு அதை அழகுத் தொட்டிக்குள் இறக்கி வைக்கலாம். நீரூற்றும்போது வெளியே எடுத்து ஊற்றி, வடிந்த பிறகு திருப்பி வையுங்கள்.

தொட்டியின் அடியில் கூழாங்கல் போட்டால் நீர் நன்றாக வடியும் என்பது தலைமுறைகளாகச் சொல்லப்படுவது. அது சரியல்ல, காரணமும் சுவையானது. நுண்ணிய துகள்களின் இடுக்கில் நுண்துளை ஈர்ப்பால் பிடித்து வைக்கப்படும் நீர், கீழே பெரிய இடைவெளிகள் உள்ள கல் அடுக்கு வந்தவுடன் அதற்குள் எளிதில் இறங்குவதில்லை. மேலேயுள்ள கலவையின் அடிப்பகுதி முழுவதும் நீர் கோத்து நிறைந்த பின்புதான் சொட்டத் தொடங்கும். ஆகவே கல் போட்ட தொட்டியில் அந்தச் சேற்றுப் பகுதி மறைவதில்லை. வேருக்கு அருகே உயர்ந்து வருகிறது. இதை ஒரு பஞ்சுத் துண்டில் சோதித்துப் பார்க்கலாம். நீள்சதுரப் பஞ்சை நன்றாக நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்ற பிறகு அதைச் செங்குத்தாக நிமிர்த்தினால் மறுபடியும் நீர் கொட்டும். உயரம் கூடினால் அதிகம் வடியும், குறைந்தால் குறைவாக வடியும். கல் அடுக்கு செய்வது கலவையின் உயரத்தைக் குறைப்பதைத்தான். துளை வழியே கலவை கொட்டாமலிருக்கச் சிறு வலைத்துணி ஒன்று போதும்.

தொட்டியின் அளவு பழைய தொட்டியைவிடக் குறுக்களவில் இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் மட்டுமே பெரியதாக இருக்கட்டும். வேர் எட்டாத கலவையில் தங்கும் நீரை உறிஞ்ச ஆளில்லை. அங்கிருந்துதான் அழுகல் தொடங்கும். சுட்ட மண் தொட்டி பக்கவாட்டிலும் நீரை ஆவியாக்குவதால், கை தாராளமாக நீரூற்றும் பழக்கமுள்ளவர்களுக்கு அதையே சொல்வேன். மறதிக்காரர்களுக்குப் பிளாஸ்டிக் நல்லது. ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, வேர் தொட்டியைச் சுற்றி வளையமிட்டிருப்பது தெரிந்தால் தொட்டி மாற்றுங்கள்.

ஐந்தாம் படி: தண்ணீர்

வேர் அழுகுவதற்கு நீர் நேரடிக் காரணமல்ல. வெறும் நீரில் வேர் விட்டு ஆண்டுக்கணக்கில் வாழும் மணி பிளான்டைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வேரும் மூச்சுவிடுகிறது, கலவையின் இடைவெளிகளில் எப்போதும் நீரே நிறைந்திருந்தால் ஆக்சிஜன் கிடைக்காமல் வேரின் திசுக்கள் இறக்கின்றன, இறந்த திசுவைப் பித்தியம் போன்ற கிருமிகள் பற்றிக்கொள்கின்றன. ஆகவே ஒரு தடவையில் எவ்வளவு ஊற்றுகிறோம் என்பதில் ஆபத்து குறைவு; இரண்டு தடவைக்கு இடையில் காற்று புக நேரம் கொடுக்கிறோமா என்பதே கேள்வி.

செய்ய வேண்டியது இதுதான். விரலை இரண்டாம் கணு வரை கலவைக்குள் விட்டுப் பாருங்கள். குளிர்ச்சியும் ஈரமும் தெரிந்தால் அன்று ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால், அடித்துளை வழியாக நீர் வெளிவரும் வரை கலவையின் மேற்பரப்பு முழுவதும் நிதானமாக ஊற்றுங்கள். கால் மணி நேரம் கழித்து அடித்தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். தினமும் ஒரு குவளை என்று சிறிது சிறிதாக ஊற்றுவது மேல்வேரை நனைத்து அடிவேரைக் காயவிடும். விரலை விட விரும்பாதவர்கள் தொட்டியைத் தூக்கிப் பழகலாம்: நீரூற்றிய உடனே இருக்கும் எடையும் காய்ந்தபோது இருக்கும் எடையும் மூன்று நான்கு முறைக்குள் கைக்குப் பழகிவிடும். என்னைக் கேட்டால் விரலைவிடக் கை சொல்வதே நம்பகமானது, ஏனென்றால் அது தொட்டியின் அடிவரை உள்ள ஈரத்தையும் சேர்த்துச் சொல்கிறது. ஈரம் அளக்கும் மலிவான குச்சிக் கருவிகளைப் போலக் குழப்பம் தருவது வேறொன்றில்லை. உதிரியான கலவையில் அவை பெரும்பாலும் பொய் சொல்லும்.

வாடிய இலை எப்போதும் தாகத்தின் அடையாளம் என்று எண்ணிவிடக் கூடாது. வேர் அழுகினாலும் நீரை மேலே ஏற்ற முடியாமல் இலை துவளும். இரண்டு நிலையிலும் இலை ஒரே மாதிரிதான் தொங்கும். கலவை காய்ந்திருக்கிறதா ஈரமாக இருக்கிறதா என்பதுதான் உண்மையைச் சொல்லும். ஈரமாக இருக்கும்போது துவண்டால் மேலும் ஊற்றாமல் செடியை வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். பழுப்பேறிக் குழைந்து, இழுத்தால் உறை கழன்று நூல் மட்டும் மிஞ்சும் வேர்களை வெட்டி நீக்கி, புதிய கலவையில் சிறிய தொட்டியில் நடுங்கள். நல்ல வேர் மிகக் குறைவாக இருந்தால், தண்டின் நலமான பகுதியை வெட்டி மீண்டும் வேர்விடச் செய்வதே குறுக்கு வழி.

விடியற்காலையில் இலை நுனியில் முத்துப்போல நீர் நின்றால் பயப்பட வேண்டாம். இரவில் வேர் உள்ளிழுத்த நீரின் அழுத்தம் இலையோர நுண்துளைகள் வழியே வெளியேறுவது அது. அடிக்கடி நிகழ்ந்தால், அடுத்த முறை இரண்டு நாள் தள்ளி ஊற்றலாம்.

வெளிச்சம் குறையும் காலத்தில், குளிர் மிகுந்த நாடுகளில் இது மாதக்கணக்கில் நீடிக்கும், செடி நீரை உறிஞ்சுவதும் குறையும். சோதனையை மாற்ற வேண்டாம். விரலோ கையோ சொல்கிறபடி இடைவெளி தானாகவே நீளும்.

காற்றின் ஈரமும் வெப்பமும்

இதில் சொல்வதற்கு அதிகமில்லை. 18 முதல் 30 பாகை செல்சியஸ் வரை இந்தக் கொடிகளுக்கு வசதியானது; 10 பாகைக்குக் கீழே இலை கருகும். அறைக் குளிரூட்டியின் காற்றோ வெப்பமூட்டியின் காற்றோ நேராக மேலே வீசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இலைமேல் நீர் தெளிப்பது சில நிமிடங்களுக்கு மட்டுமே காற்றை ஈரமாக்கும்; கூழாங்கல் தட்டில் நீர் வைப்பதும் சொற்பமே. காற்று உண்மையிலேயே வறண்டிருந்தால் ஈரமூட்டும் கருவி உதவும், இல்லையேல் செடிகளை நெருக்கமாக வைப்பது கொஞ்சம் உதவும். மணி பிளான்டும் பிலோடென்ட்ரானும் இவை எதுவுமின்றியே வாழும்.

அறைக் காற்றைச் செடி சுத்தமாக்கும் என்ற எண்ணத்தில் வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும். இந்த எண்ணத்தைப் பரப்பிய, 1989-இல் வெளியான நாசாவின் ஆய்வு அடைத்து மூடிய சிறு பெட்டிக்குள் நடத்தப்பட்டது. பின்னர் 2019-இல் வெளிவந்த ஒரு மறுஆய்வு, சாதாரணக் கட்டடத்தில் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும் என்று கணக்கிட்டது. சன்னலைத் திறப்பதே மேல்.

ஆறாம் படி: பற்றி ஏற ஒரு துணை

தொங்கவிட்ட கொடியும் ஏறவிட்ட கொடியும் ஒரே செடிதான் என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். தொங்கும் மணி பிளான்டின் இலை உள்ளங்கை அளவில் நின்றுவிடும். மரத்தில் ஏறிய அதே கொடியின் இலை முக்கால் மீட்டருக்கும் மேல் நீண்டு, மான்ஸ்டெராவைப் போலக் கிழிபட்டு நிற்பதை வெப்ப நாடுகளில் எங்கும் பார்க்கலாம். கணுவிலிருந்து வரும் காற்றுவேர் ஒரு பரப்பைப் பற்றிக்கொண்டு மேலேறும்போதுதான் கொடி தன் முதிர்ந்த இலையை வெளியிடுகிறது. தொங்குவது தவறில்லை, அழகாகவும் இருக்கும். ஆனால் பெரிய இலை வேண்டும் என்பவர்கள் கம்பம் நட வேண்டும்.

பிளாஸ்டிக் வலையைக் குழாயாகச் சுருட்டி அதற்குள் ஈரமாக்கிய ஸ்பாக்னம் பாசியையோ நீண்ட தென்னை நாரையோ திணித்துக் கம்பம் செய்யலாம். கொடியைத் திருப்பிப் பாருங்கள்: காற்றுவேர் முளைக்கும் பக்கம் ஒன்று, இலை விரியும் பக்கம் ஒன்று என்று அதற்கு முதுகும் முகமும் உண்டு. முதுகு கம்பத்தைத் தொடும்படி வைத்து, இலைக்காம்பைக் கட்டாமல் தண்டை மட்டும் கணுவுக்குச் சற்றுக் கீழே மென்மையான நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். கம்பம் அறையின் உட்பக்கமும் செடியின் முகம் சன்னல் பக்கமும் இருந்தால் கொடி தானே ஒட்டி நிற்கும். கம்பம் ஈரமாக இருந்தால் மட்டுமே வேர் அதற்குள் இறங்கும். தொட்டிக்கு ஊற்றும் நாளில் கம்பத்தின் உச்சியிலும் மெதுவாக ஊற்றுங்கள். காய்ந்த கம்பம் கொடியைக் கட்டி வைத்த கழி மட்டுமே.

உரம்

புதிய இலை வந்துகொண்டிருக்கும் மாதங்களில், தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் உள்ள திரவ உரத்தை, உறையில் குறித்துள்ள அளவில் பாதியாக நீரில் கரைத்து மாதம் ஒருமுறை கொடுக்கலாம். காய்ந்த கலவையில் உரநீர் ஊற்றக் கூடாது. முதலில் வெறும் நீரால் நனையுங்கள். வளர்ச்சி நின்றிருக்கும் காலத்தில் உரம் வேண்டாம். கலவையின் மேல் வெள்ளைப் பொருக்கு படிந்தாலும் இலை நுனி பழுப்பாகக் காய்ந்தாலும் உப்பு சேர்ந்துவிட்டது என்று பொருள்; தொட்டியின் கொள்ளளவைப்போல மூன்று மடங்கு வெறும் நீரை ஊற்றி வடியவிட்டால் கழுவிப் போகும்.

ஏழாம் படி: வெட்டுதலும் புதுச்செடி எடுத்தலும்

அடியில் மொட்டையாகவும் நுனியில் மட்டும் நான்கு இலையுடனும் நீண்டு கிடக்கும் கொடியை வெட்டப் பலருக்கும் மனம் வருவதில்லை. நுனிமொட்டு இருக்கும்வரை அது சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கீழேயுள்ள பக்க மொட்டுகளைத் தூங்க வைத்திருக்கும். நுனியை நீக்கினால் வெட்டிய இடத்துக்குக் கீழேயுள்ள கணுவில் ஓரிரு வாரங்களில் புதுத் துளிர் எழும்பும்.

வெட்டிய தண்டிலிருந்து புதுச்செடி எடுக்க, கணு என்பது எது என்று தெரிந்திருக்க வேண்டும். தண்டில் இலைக்காம்பு சேரும் இடத்தில் சற்றுத் தடித்து, வளையம்போல் தெரிவதே கணு. வேரும் துளிரும் அங்கிருந்துதான் வரும். கணு இல்லாமல் இலையையும் காம்பையும் மட்டும் நீரில் வைத்தால் மாதக்கணக்கில் பச்சையாக இருக்குமே தவிர, கொடியாகாது. கணுவுக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே சுத்தமான கூரிய கத்தியால் வெட்டி, ஒன்று அல்லது இரண்டு இலையும் இரண்டு கணுவும் உள்ள துண்டுகளாக்குங்கள். கீழ்க் கணுவிலுள்ள இலையை நீக்கி, அந்தக் கணு மட்டும் மூழ்கும்படி நீரில் வைத்து, வெளிச்சமான இடத்தில் வெயில் படாமல் வையுங்கள். வாரம் ஒருமுறை நீரை மாற்றுங்கள். இரண்டு முதல் நான்கு வாரங்களில் வேர் வரும்.

வேர் ஐந்து சென்டிமீட்டர் நீளம் ஆனதும் நட்டுவிடுவது நல்லது. நீரில் வளர்ந்த வேர் நீருக்கே பழகியது. நீண்ட நாள் விட்டு நட்டால் மாற்றம் கடினமாகும். நட்ட முதல் இரண்டு வாரங்களுக்கு மட்டும் காய்ந்த பிறகே ஊற்ற வேண்டும் என்று மேலே சொன்ன விதிக்கு விலக்குக் கொடுத்து, கலவையை லேசான ஈரத்தில் வைத்திருங்கள். ஒரு துண்டை ஒரு தொட்டியில் நடாமல் ஐந்தாறு துண்டுகளை ஒரே தொட்டியில் நட்டால் செடி அடர்த்தியாகத் தெரியும். நர்சரிகளில் பார்க்கும் புதர்போன்ற மணி பிளான்ட் தொட்டிகள் எல்லாம் இப்படி நட்டவையே.

வெட்டி மிஞ்சிய தண்டுகளை வெளியே காலி இடத்திலோ நீரோடைக் கரையிலோ எறியாதீர்கள். மணி பிளான்டும் சிங்கோனியமும் தம் தாயகத்துக்கு வெளியே பல வெப்பநாடுகளில் காட்டுக்குள் பரவி மரங்களை மூடும் ஊடுருவிகளாகிவிட்டன. கணுவுள்ள ஒரு துண்டு போதும். நன்றாகக் காயவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

பூச்சிகள்

பத்து நாளுக்கு ஒருமுறை இலையின் முதுகைப் பார்க்கும் பழக்கம் இருந்தால் எந்தப் பூச்சியும் பெரிய தொல்லையாகாது. காம்பிடுக்கில் வெண்பஞ்சாகத் தெரிவது மாவுப்பூச்சி. 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். இலையில் ஊசிமுனைப் புள்ளிகளும் மெல்லிய வலையும் தெரிந்தால் செஞ்சிலந்தி; வறண்ட காற்றில் பெருகும், குழாய் நீரில் இலையின் இரு பக்கத்தையும் நன்றாகக் கழுவி, ஐந்து நாள் இடைவெளியில் சோப்புக் கரைசலால் மூன்று முறை துடைக்க வேண்டும். வெள்ளிக் கீற்றும் கரும்புள்ளியும் இலைப்பேனின் வேலை, இவற்றில் இதுவே விடாப்பிடியானது. ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில், முதலில் ஓர் இலையில் சோதித்த பின், வாரம் ஒருமுறையாக ஒரு மாதம் தெளியுங்கள். எந்தப் பூச்சிக்கும் ஒரே தடவை போதாது, முட்டைகள் பிழைத்துக்கொள்ளும்.

தொட்டியைச் சுற்றிப் பறக்கும் சிறு கறுப்பு ஈக்கள் வளர்ந்த செடிக்குப் பெரிய தீங்கு செய்வதில்லை. ஆனால் அவற்றின் புழுக்கள் எப்போதும் ஈரமாக இருக்கும் மேற்கலவையில்தான் வாழும் என்பதால், அவை வந்தால் நீங்கள் அடிக்கடி ஊற்றுகிறீர்கள் என்பதற்குச் சாட்சியம் கிடைத்துவிட்டது. மேற்பரப்பைக் காயவிட்டு மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்றை நட்டு வையுங்கள்.

வெளியூர் போகும்போது

இரண்டு வாரம் வீட்டில் இல்லையென்றால், கிளம்பும் நாளில் முழுவதும் நனைய ஊற்றி, வடியவிட்டு, செடியைச் சன்னலிலிருந்து ஒன்றரை மீட்டர் உள்ளே நகர்த்தி வையுங்கள். வெளிச்சம் குறைந்தால் அது குடிக்கும் நீரும் குறையும், தொட்டியின் ஈரம் அதுவரை தாங்கும். அடித்தட்டில் நீர் நிரப்பிவிட்டுப் போக வேண்டாம்; பக்கத்து வீட்டாரிடம் ஊற்றச் சொல்வதாக இருந்தால், ஒரே ஒரு முறை, அதுவும் தொட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஊற்றச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் பழைய இடத்தில் வைத்து, விரலை விட்டுப் பார்த்த பிறகு ஊற்றலாம்.